அரிப்புக்கு மீனெண்ணெய்

அரிப்பு
9.7.2024

ஜுனைதீன் நானாவுக்கு,

“வல்லாஹி, இனி உன்னோட ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன்” என்று கரையில் நாலு பேர் கேட்கச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனீர்கள். கதைக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? கடிதம் வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. அந்த ஓட்டைக்குள்ளால் நுழைந்துதான் இதை எழுதுகிறேன். போனில் எடுக்கவும் வழியில்லை. என்னுடையது அன்றைக்கே கடலுக்குள் போய்விட்டது. உங்கள் மறிச்சுக்கட்டியில் சிக்னல் பிடிக்க மரத்தில் ஏறவேண்டும் என்று பஸ் கொண்டக்டர் பைறூஸ் சொன்னார். இதைக் கொண்டுவருபவரும் அவர்தான்.

நடந்ததை எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமா என்று பார்க்கிறேன். முதல்நாள் பின்னேரம் நாம் இரண்டு பேரும் போட்டைக் கழுவினோம். தண்ணீர் வடிவதற்காகப் பின்னடி ஓட்டையின் தக்கையைக் கழற்றினோம். கழற்றியவன் அதைத் தன் பையில் வைத்திருந்து, கடலில் இறக்குமுன் தானே பூட்டவேண்டும். இருபது வருடமாக நம் போட்டின் சட்டம் அது. மறுநாள் காலை அரை மைல் தூரம் போவதற்குள் ஐஸ் பெட்டி மிதந்தது. பிறகு நாமும் மிதந்தோம்.

தக்கை என்னிடம்தான் இருந்தது என்றீர்கள். நான் மறுக்கவில்லை. கழற்றியதாகவும் ஞாபகமில்லை, கழற்றவில்லை என்றும் ஞாபகமில்லை. சேட், சாரம், தொப்பி எல்லாவற்றையும் உதறிப் பார்த்தேன். மணலில் விழுத்தியிருப்பேன் போல.

“உன்ர மண்டைக்குள்ள மூளை இல்லடா, நுரைதான் கிடக்கு” என்றீர்கள். சரிதான். போன மாதம் கட்டின மனைவி வசந்தமலரையே மன்னார் பஸ் நிலையத்தில் காத்திருக்க விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து, அவள் எங்கே என்று அவளுடைய தாயிடமே கேட்டேன். அது கிடக்கட்டும். இன்னொன்றும் இருக்கிறது, உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாகக் கடலைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. மீன் நிறையப் பட்டாலும் வருவதில்லை.

எங்கே விட்டேன்? ஆ, ஒக்டோபரில் சீசன். துணைக்குக் கடலுக்கு வரச்சொல்லி நம் கரை றொட்னியைக் கூப்பிட்டேன். “அண்ணை, நீங்கள் தங்கமான மனுசன். ஆனா எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு” என்றான். நீங்கள் வராவிட்டால் போட் கரையிலேயே கிடக்கும். நானும் அப்படித்தான் கிடப்பேன். நீங்கள் எனக்கு அண்ணன் மாதிரி. வாருங்கள் நானா.

பஸ்ரியன்


மறிச்சுக்கட்டி
17.7.2024

பஸ்ரியனுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் திறக்காமல் அலுமாரி மேல் போட்டு வைத்திருந்தேன். “வாசிக்கிறது கதைக்கிறதில சேராது. பேசாம வாசிங்கோ” என்றாள் முஸ்பிரா. எழுதுவதும் சேராது என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். இந்த வீட்டில் இப்போது மனைவிதான் மௌலவி.

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எனக்கு நாற்பத்தொன்பது வயது. அன்றைக்கு மற்றப் போட்காரர் வந்து நம்மைக் கரைக்கு இழுக்கும்வரை முக்கால் மணித்தியாலம் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பயந்துவிட்டேன், பஸ்ரியன். கடலுக்கு ஒருநாளும் பயப்படாத நான் பயந்துவிட்டேன். உன்மேல் வந்த கோபத்தில் பாதி அந்தப் பயம்தான்.

இங்கே மாமாவின் மிளகாய்த் தோட்டத்துக்குக் காவல் இருக்கிறேன். பின்னேரமானால் காட்டிலிருந்து யானை வருகிறது. போன வருடம் வேலியைப் பிய்த்த அதே இடத்தால் இந்த வருடமும் நேரே வருகிறது. யானைக்கு வேலி ஞாபகம். உனக்குப் பையில் இருந்த தக்கை ஞாபகமில்லை.

சந்தோஷம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? சரி விடு. டொக்டரிடம் போ. உன் தலை சரி என்று அவர் ஒரு துண்டு எழுதித் தரட்டும். அந்தத் துண்டு வந்தால் நானும் வருவேன். வராவிட்டால் இந்த யானைகளோடு இருந்துவிடுகிறேன்.

ஜுனைதீன்


அரிப்பு
29.7.2024

நானாவுக்கு,

போனேன். போன திங்கட்கிழமை மன்னார் டவுனில் கிளினிக். ஹம்சிகா என்று ஒரு டொக்டர், இளம்பிள்ளை, ஆனால் விடமாட்டார்.

“நூறில இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கொண்டு வாங்கோ ஐயா” என்றார். தொண்ணூற்றிமூன்று, எண்பத்தாறு வரை நல்லாத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஒரு அறுக்குளா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எங்கே பட்டது, யாருடைய போட் என்று யோசித்தேன். கணக்கு போய்விட்டது. வசந்தமலர் மேசைக்குக் கீழே உதைத்தாள்.

பிறகு மனதைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அழுகையும் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு தாளில் இரண்டு நரம்பைக் கீறி, “இந்த நரம்பு மற்ற நரம்புக்குச் செய்தி சொல்ல மூளையில சில இரசாயனங்கள் இருக்கு. அதில ஒண்டு செரட்டோனின். இந்தக் குளிசை அதைக் கொஞ்சம் கூட நேரம் அந்த இடத்தில நிக்க வைக்கும். உடன சரிவராது, நாலைஞ்சு கிழமை செல்லும்” என்றார். குளிசை தந்தார். இரத்தமும் எடுத்தார்கள். கேட்காமல் வேறு எந்தக் குளிசையும் போடக்கூடாதாம்.

துண்டு கேட்டேன். “ஆருக்கு?” என்றார். “என்ர நானாவுக்கு” என்றேன். “உங்கட தலை சரி எண்டு எழுத எனக்கே இன்னும் தெரியாதே” என்று சிரித்தார். பொறுங்கள் நானா. ஒக்டோபருக்குள் எப்படியும் வாங்கிவிடுவேன்.

இஞ்சினை றொட்னி கழற்றித் துடைத்துப் பூட்டினான். ஓடுகிறது. எங்கள் இரண்டு பேரில் இப்போதைக்கு அதற்குத்தான் சுகம்.

பஸ்ரியன்


மறிச்சுக்கட்டி
6.8.2024

அன்புள்ள பஸ்ரியன்,

கடிதம் கிடைத்தது. நீ அழுதாய் என்று வாசித்தபோது முஸ்பிராவும் அழுதாள்.

துண்டு கிண்டு ஒன்றும் அவசரமில்லை. மறதி எல்லா மனிதருக்கும் உள்ளதுதான். போன கடிதத்தில் யானையை இழுத்து எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பைறூஸிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன். முஸ்பிராவின் தம்பி நௌஷாட் கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அவன் கொண்டுவந்த மீனெண்ணெய்க் குளிசை ஒரு போத்தல் இருக்கிறது. மூளைக்கு நல்லதாம், கவனம் நிற்குமாம். நாளுக்கு இரண்டு விழுங்கு. கருஞ்சீரக எண்ணெய் ஒரு போத்தல். காட்டுத் தேன் ஒரு போத்தல், நானே போய் வாங்கியது. இன்னும் என்ன வேண்டும் என்றாலும் எழுது.

இங்கே வெயில். முஸ்பிரா அலுமாரியில் கிடந்ததையெல்லாம் தோய்த்துக் காயப்போட்டுவிட்டாள். நான் கொண்டுவந்த மழைக்கோட்டைக்கூட விடவில்லை. அது ஒன்றுமில்லை, சும்மா எழுதினேன்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகப் படு.

உன் நானா,
ஜுனைதீன்


அரிப்பு
16.8.2024

நானாவுக்கு,

இதை வாசிக்குமுன் ஒரு கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

பார்சல் புதன்கிழமை வந்தது. கடிதம் அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்தது. பைறூஸ் அதை மற்றக் காற்சட்டைப் பையில் மறந்துவிட்டாராம். அவருடைய மண்டையிலும் கொஞ்சம் நுரை இருக்கிறது. ஆகவே எங்கள் கையில் இருந்தது பார்சல் மட்டும்தான். அதன்மேல் நௌஷாட்டின் கையெழுத்தில் பெரிதாக “அரிப்புக்கு” என்றும், அதற்குக் கீழே “மீனெண்ணெய்” என்றும் எழுதியிருந்தது.

பிறந்த நாளிலிருந்து அரிப்பில் இருக்கிறோம், எங்கள் ஊர்ப் பெயர் எங்களுக்கே நினைவு வரவில்லை. ஏனென்றால் ஆறு மாதமாக என் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு தினவு. சொறிந்தாலும் போகாது. “பாத்தீங்களே, நானா உங்கட கால் அரிப்புக்கு மருந்து அனுப்பியிருக்கிறார். எவ்வளவு பாசம்!” என்றாள் வசந்தமலர். ஊசியால் குத்திக் குத்தி எண்ணெயைப் பிதுக்கி, காலையில் ஆறு குளிசை, பின்னேரம் ஆறு குளிசை, இரண்டு காலிலும் தேய்த்தாள். தினவு போகவில்லை. பூனைகள்தான் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் கோயிலுக்குள் போக, எனக்குப் பின்னால் மூன்று பூனையும் வந்தன. சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.

ஆனால் கேளுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. மறுநாள் கிளினிக். ஹம்சிகா டொக்டர் மூக்கைச் சுளித்து, “என்ன ஐயா மணக்குது?” என்றார். கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். “கால் எவ்வளவு நாளா இப்பிடி? விறைக்குதோ? ஏன் முதலே சொல்லேல்ல?” தலைக்குத்தானே வந்தேன், கால் கதையை ஏன் சொல்லவேண்டும் என்றேன். நீரிழிவு, அந்தச் சீனி வருத்தத்துக்கு எத்தனை வருடமாகக் குளிசை போடுகிறேன் என்று கேட்டார். ஒன்பது வருடம். உடனே இன்னொரு இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். ஏனென்று மறுமொழி வந்த பிறகு சொல்வாராம்.

தேனைப் பக்கத்து வீட்டுப் பெற்றிசியாவுக்குக் கொடுத்தோம். எனக்குச் சீனி வருத்தம் என்பதையே மறந்துவிட்டீர்களா? திங்கட்கிழமைகளில் கிளினிக், வந்து நம்பர் எடுங்கள்.

பகிடி விட்டேன். ஆனால் உங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. ஏன் இவ்வளவு அன்பு? திட்டினீர்கள் என்றால்தான் எனக்கு நிம்மதி. எனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று ஆராவது சொன்னார்களா?

பஸ்ரியன்


மறிச்சுக்கட்டி
24.8.2024

அன்புள்ள பஸ்ரியன்,

உனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அப்படி நினைக்காதே. பூனைக் கதையை முஸ்பிரா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டிவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை.

நௌஷாட்டிடம் இன்னொரு போத்தல் இருந்தது. மனதுக்குச் சந்தோஷம் தருகிற குளிசையாம். போத்தலில் ஒரு பெண்பிள்ளை பல் முழுவதும் தெரியச் சிரிக்கிறாள். உன் டொக்டர் சொன்ன அந்த செரட்டோனினை இது உடம்பிலேயே கூட உண்டாக்குமாம். ஒரு விதையிலிருந்து எடுப்பதாம், மருந்து அல்ல, வெறும் சத்து. டொக்டர் ஒரு பக்கம் தள்ள, நான் ஒரு பக்கம் தள்ளினால் நீ சீக்கிரம் கரையேறுவாய். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. இந்த முறை போத்தல்மேல் “விழுங்க” என்று நானே எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீ சந்தோஷமாக இருக்கும்போது சொல்கிறேன். அதனால் சீக்கிரம் சந்தோஷமாகு.

ஜுனைதீன்


அரிப்பு
3.9.2024

நானாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள். இப்போது சுகம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் சிரிக்கிற பெண்பிள்ளையை மூன்று நாள் விழுங்கினேன். கேட்காமல் ஒன்றும் போடவேண்டாம் என்று டொக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் நீங்கள் அனுப்பியதை நான் குளிசை என்று எண்ணவில்லை, நீங்கள் என்று எண்ணித்தான் விழுங்கினேன். மூன்றாம் நாள் வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. கால் தன்பாட்டில் துள்ளியது. வயிறும் இளகிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வசந்தமலர் போத்தலையும் என்னையும் சேர்த்து ஓட்டோவில் ஏற்றினாள். ஒரு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள்.

ஹம்சிகா டொக்டர் வந்து போத்தலைப் பார்த்தார். எனக்கு விளங்குவதற்காக, “போட் இஞ்சின் தெரியும்தானே?” என்றார். சோக்கையும் இழுத்து வைத்துக்கொண்டு, குழாயில் உள்ள ரப்பர் பந்தையும் அமுக்கிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்? இஞ்சின் பெற்றோலில் மூழ்கிவிடும். அதேதான். அவருடைய குளிசை செரட்டோனினைப் போகவிடாமல் பிடிக்கிறது, உங்கள் குளிசை மேலே மேலே ஊற்றுகிறது. “சத்து எண்டு போத்தலில எழுதினா அது உடம்புக்க போய்ச் சும்மா இருக்காது ஐயா. வேளைக்கு வந்ததால தப்பினீங்கள்” என்றார். “ஆர் தந்தது?” என்றார். “என்ர நானா.” “துண்டு கேட்ட நானாவோ? நல்லவரோ?” “நல்லவர். சொன்னாக் கேக்கமாட்டார்” என்றேன்.

இனி நல்ல சேதி. நேற்றுக் கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. பி பன்னிரண்டு என்று ஒரு விற்றமின், எனக்கு அடிமட்டத்தில் இருக்கிறதாம். மறதி, மனச்சோர்வு, கால் தினவு மூன்றுக்கும் அது காரணமாயிருக்கலாமாம். அந்தச் சத்து எதில் இருக்கிறது தெரியுமா? மீனில்! அரிப்பில் பிறந்து மூன்று நேரமும் மீன் தின்கிறவனுக்கு மீனில் உள்ள சத்துக் குறைவு! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டொக்டர் சொன்னார், சீனிக் குளிசையைப் பல வருடம் போட்டால் சிலருக்கு அந்தச் சத்து உடம்பில் சுவறாதாம். ஆகவே எத்தனை மீன் தின்றாலும் அப்படியே போய்விடும். ஊசி தொடங்கிவிட்டார். நிறுத்திவைத்த மனதுக்கான குளிசையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று அவர்தான் சொல்வார்.

துண்டும் தந்தார். ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி எழுதவில்லை. “சிகிச்சை நடக்கிறது. துணையோடு கடலுக்குப் போகலாம்” என்று எழுதியிருக்கிறார். துணையோடு, நானா. இனி உங்கள் பக்கம்தான் மறுமொழி.

பஸ்ரியன்


மறிச்சுக்கட்டி
7.9.2024

பஸ்ரியனுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதைப் பைறூஸ் கையில் கொடுக்கும்வரை முஸ்பிரா பக்கத்தை விட்டுப் போகமாட்டாளாம்.

தக்கை என்னிடம் இருக்கிறது.

ஓகஸ்ட் இரண்டாம் திகதி முஸ்பிரா, போட் கழுவிய அன்று நான் போட்டிருந்த மழைக்கோட்டைத் தோய்க்க எடுத்தாள். “இது என்ன, கோட்டுக்குள்ள கல்லு மாதிரி?” என்று பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். நான் அப்படியே முற்றத்தில் குந்திவிட்டேன். கழற்றியது நான். பையில் வைத்தது நான். மறந்தது நான். உன்னை நாலு பேர் முன்னால் நுரை மண்டை என்று சொன்னதும் நான். சத்தியமும் பண்ணினேன்.

உடனே எழுதியிருக்கவேண்டும். வெட்கம். நீ கிளினிக்கில் அழுத கடிதம் கையில் இருக்கும்போது எப்படி எழுதுவேன்? அதற்குப் பதிலாகத்தான் தேன், மீனெண்ணெய், கருஞ்சீரகம். ஒரு போத்தல் அனுப்பினால் ஒரு இரவு நித்திரை வந்தது. பிறகு வரவில்லை, இன்னொரு போத்தல் அனுப்பினேன். கடைசிப் போத்தல் உன்னை வாட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. உன் வருத்தத்துக்கு என்று அனுப்பியதெல்லாம் என் வருத்தத்துக்குத்தான் அனுப்பினேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. நீ இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், பஸ்ரியன்?

துணையோடு போகலாம் என்று எழுதித் தந்திருக்கிறார். நல்ல துணையாகப் பார்த்துக்கொள். றொட்னியிடம் உண்மையைச் சொல், அவன் வருவான். எந்த முகத்தோடு உனக்கு எதிரே போட்டில் இருப்பது? நாளை பைறூஸிடம் தக்கையைக் கொடுத்துவிடுகிறேன்.

சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா கொடுக்கவேண்டும், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அதைக் கொடுத்தாவது உன் குரலை ஒருமுறை கேட்கலாமா என்று மனம் சொல்கிறது. கேட்க எனக்கு உரிமை இல்லை என்றும் சொல்கிறது.

ஜுனைதீன்


அரிப்பு
9.9.2024

நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுப் பின்னேரம் வாசித்தேன். வாசித்ததும் கோபம் வந்தது. சும்மா கோபம் இல்லை. இரண்டு மாதம், நானா. இரண்டு மாதம் உங்களை நான்தான் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். உங்கள் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்தேன். ஓகஸ்ட் இரண்டிலிருந்து உங்களுக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருக்கலாம். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும், அதுதான் முதலில் எழுதினேன்.

பிறகு வசந்தமலருக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மழைக்கோட் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கி, “இருபது வருசமா ரெண்டு நுரை மண்டையும் ஒரே போட்டிலதான் போய் வந்திருக்கு” என்றாள். அதோடு என் கோபம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது நானா. முன்பு வருகிற மாதிரியே, வயிற்றிலிருந்து வந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு நாளாச்சு” என்றாள்.

இன்றைக்கு ஊசிக்குப் போனபோது டொக்டரிடமும் சொன்னேன். இன்னும் ஒரு வருடம் இப்படியே விட்டிருந்தால் கால் விறைப்பு நிரந்தரமாகியிருக்கலாம் என்றார். என் தலை பிழை என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கிளினிக் பக்கம் போயிருப்பேனா? நௌஷாட் அந்தப் பார்சலில் ஊர்ப் பெயரை அப்படி எழுதாமல் இருந்திருந்தால் காலைப் பற்றி ஆராவது கேட்டிருப்பார்களா? நீங்கள் அனுப்பியதில் ஒரு போத்தல் என்னை விழுத்தியது, ஒரு போத்தல் என்னைக் காப்பாற்றியது. சரிக்குச் சரி.

கஃப்பாராவைப் பற்றி யோசித்தேன். பத்துப் பேருக்குச் சாப்பாடு என்றால் மீன் வேண்டும். மீன் என்றால் கடலுக்குப் போகவேண்டும். துணையில்லாமல் போகக்கூடாது என்று டொக்டரின் துண்டு சொல்கிறது. றொட்னியைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்கமாட்டேன். ஒக்டோபர் முதலாம் திகதி காலை போட் கரையில் நிற்கும்.

தக்கையைப் பைறூஸிடம் கொடுக்கவேண்டாம். கொடுத்திருந்தால் அவரிடம் திருப்பி அனுப்புவேன். சிலாவத்துறைக் கடையில் புதுத் தக்கை தொங்குகிறது, அதையும் வாங்கமாட்டேன். நம் சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. கழற்றியவன்தான் வந்து பூட்டவேண்டும்.

பஸ்ரியன்